வெள்ளைக்காரன் கோயிலுக்குள் உன் அப்பா

என் மகனுக்கு, லிந்துலையிலிருந்து சித்தப்பா எழுதுவது. அண்ணன் பிள்ளை என்பதெல்லாம் ஊருக்குச் சொல்கிற உறவு முறை. நீ தத்தித் தத்தி நடந்து வந்து என் சாரத்தைப் பிடித்த அன்றிலிருந்து எனக்கு நீ மூத்த மகன்தான். ஆகையால் இது ஒரு தகப்பன் எழுதும் கடிதம் என்றே நினைத்துப் படி. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த விஷயம் போனில் சொல்ல வரவில்லை, இரண்டு முறை எடுத்து, சாப்பிட்டாயா, குளிரா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். இதன் பிரதி ஒன்றைப் பத்திரிகைக்கும் கொடுக்கப் போகிறேன். நம் தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்பிலும் வெளிநாட்டிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இது சேர வேண்டும். "நீங்க எழுதுறத யாரு அச்சடிப்பா?" என்கிறாள் உன் சித்தி. நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியது, அதற்கு மேல் சொல்லிக் கொடுக்க அந்த வாத்தியாரிடம் சரக்கு இல்லாமல் போனதால்தான் என்பது இவளுக்கு எங்கே தெரிகிறது. "அஞ்சாவதுலயே மூணு வருசம் ஒக்காந்தா அவருகிட்ட என்னாத்த மிச்சம் இருக்கும்?" என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறாள்.

லண்டனிலிருந்து நீ அனுப்பிய படம் வந்தது. கூரையே இல்லாத அவ்வளவு பெரிய கற்கட்டடம், வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஜன்னல் வளைவுகள், தரை முழுக்க வெட்டிவிட்ட பச்சைப் புல், நடுவில் நீயும் எமிலியும். பல நூறு வருடங்களுக்கு முன்னால் துறவிகள் இருந்த மடம் என்றும், ராஜா ஒருத்தன் கோபித்துக்கொண்டு அவர்களை விரட்டிக் கூரையைப் பிரித்துவிட்டான் என்றும் எழுதியிருந்தாய். இடிந்து போனதையே இப்படிச் சீவிச் சிங்காரித்து வைத்திருக்கிறார்கள், இங்கே செத்துப்போன துறவிகள் எங்கே கிடக்கிறார்கள் என்றுகூடப் பலகை எழுதி வைத்திருக்கிறார்கள் சித்தப்பா, என்று எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி போட்டிருந்தாய். 'கல்யாணம் முடிந்து எமிலியைக் கூட்டிக்கொண்டு வரும்போது அப்பாவின் குழியைக் காட்ட வேண்டும், பெயர் வெட்டி ஒரு கல் வைக்க வேண்டும்.'

அந்தப் படத்தை நான் லயத்தில் ஒரு வீடு விடாமல் காட்டினேன். எமிலியின் பாட்டனுக்குப் பாட்டன்தான் நம் தோட்டத்தைத் திறந்த முதல் தொரை என்றும், அவர் குதிரையில் ஏறி நின்று கை காட்டிய இடமெல்லாம் தேயிலை முளைத்தது என்றும், அவருடைய பேத்தியே நம் வீட்டுக்கு மருமகளாக வருகிறாள் என்றும் சொல்லிவிட்டேன். ஜனங்களுக்கு அது பிடித்திருந்தது. உன் சித்திதான் குறுக்கே விழுந்து, "அந்தப் புள்ளயோட அப்பா பஸ் ஓட்டுறவருன்னு நம்ம பயதான் சொன்னான். பெரிய தொரையாம் தொரை" என்று கெடுத்தாள். கெடுத்தாலும் பரவாயில்லை. நீ போனில் மறுபடியும் குழியைப் பற்றிக் கேட்டபோது நான் சொன்னதுதான் இப்போது தொண்டையில் நிற்கிறது. "கண்ணக் கட்டி விட்டாலும் போயி அண்ணன் தலைமாட்டுல நிப்பேன்டா. நீ கல்லுக்குச் சொல்லு" என்றேன். நீயும் ஹட்டனில் கல் வெட்டுகிறவரிடம் சொல்லிவிட்டாய். அண்ணன் பெயர், ஊர், 'மகன் நாட்டியது' என்ற வரி எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாய்.

நான் வெறும் வாயால் சொல்லவில்லை மகனே. உன்னைப் பெற்றவளை அவள் பிறந்த பதுளைப் பக்கத்துத் தோட்டத்திலேயே அடக்கம் செய்துவிட்டார்கள், அது வேறு கதை. உன் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனவர்களில் முன்பக்கம் தோள் கொடுத்தவன் நான். அன்றைக்குக் கவ்வாத்து மலையில் அவரும் நானும் ஒரே வரிசையில் நின்று தேயிலை வெட்டிக்கொண்டிருந்தோம். மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களுக்குப் பக்கத்து மரத்தில் குளவி கலைந்துவிட்டது. எல்லோரும் ஓடினார்கள். ஒருத்தி விழுந்துவிட்டாள். அண்ணன் ஒரு படங்குச் சாக்கை உருவித் தலையில் போர்த்திக்கொண்டு மேலே ஓடினார். சிட்டுக்குருவி அளவு குளவி என்று உனக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன், வானமே கறுத்துப்போனது என்றும் சொல்லியிருக்கிறேன். குளவி குளவி அளவில்தான் இருந்தது. விழுந்தவளை இழுத்துக் கீழே தள்ளிவிட்டார், அவள் பிழைத்தாள். இவரைக் கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனோம். கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவில் படுக்க வைத்திருந்தோம். ஆஸ்பத்திரி வாசலுக்கு லொறி திரும்பும்போது எனக்குத் தெரிந்துவிட்டது, டிரைவரிடம் சொல்லவில்லை.

மழையில்தான் தூக்கினோம். நம் வழக்கம் உனக்குத் தெரியும். ரோட்டு வளைகிற முடக்கு வரைக்கும்தான் பெண்கள் வரலாம். அங்கே மூன்று சுற்றுச் சுற்றிக் கும்பிட்டு, மாரில் அடித்துக்கொண்டு, திரும்பிப் போய்க் குளித்துவிட வேண்டும். உன் சித்தியும் அங்கேதான் நின்றாள். நான் பாடையை இன்னொருவர் தோளுக்கு மாற்றிவிட்டு, உன்னைத் தூக்கிக்கொண்டு மேல் கணக்குக்கு, அதுதான் தோட்டத்தின் மேல் பிரிவுக்கு ஏறினேன். அங்கே வெள்ளைக்காரன் கோயில் என்று நாம் சொல்லும் அந்தப் பழைய சேர்ச்சுக்குப் பின்னால்தான் நம் ஆட்களைப் புதைக்கிற இடம். அப்போதே அதற்குக் கூரை கிடையாது, கதவு கிடையாது. உன் கைக்குள் மண்ணை வைத்துக் குழிக்குள் போடச் சொன்னேன். நீ போடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டாய், விரல் விரலாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. கோயிலின் பின்சுவரிலிருந்து சரிவில் இறங்கினால் இரட்டையாகப் பிரிந்த டர்பன்டைன் மரம், அதற்குக் கீழே அண்ணன். இதை நான் எப்படி மறப்பேன்?

உன் கல் வருவதற்குள் இடத்தைச் சுத்தம் செய்து வைக்கலாம் என்று போன கிழமை கிளம்பினோம். உன் சித்தி தானும் வருவேன் என்றாள். பொம்பளைக்கு அங்கே என்ன வேலை என்றேன். "முடக்கு வரைக்கும் வாறேன். இத்தன வருசமா அந்த முடக்குல நின்னே கும்புட்டுட்டேன், இன்னைக்கும் நின்னுட்டுப் போறேன்" என்றாள். லிந்துலையிலிருந்து நசீரின் ஆட்டோவைக் கூப்பிட்டேன். நசீரை உனக்குத் தெரியும், உன்னை விமானம் ஏற்ற வான் பிடித்துக் கொடுத்தவன். வழியெல்லாம் அவனுக்கு அந்தக் கோயிலைக் கட்டிய கதையைச் சொன்னேன். கண்டியிலிருந்து யானை கொண்டு வந்து கல் இழுத்தார்கள், ஒரு யானை வழுக்கிப் பள்ளத்தில் போனது, அதன் தந்தத்தை நம் பாட்டன்தான் தொரையிடம் ஒப்படைத்தார் என்று.

"போன தடவ ரெண்டு யானை விழுந்துச்சுன்னீங்க அண்ணே," என்றான் அவன்.

"ஒண்ணு பொழைச்சிருச்சுப்பா," என்றாள் உன் சித்தி பின்னால் இருந்து.

கீழ்க் கணக்கு வரைக்கும்தான் ஆட்டோ போனது. அதற்கு மேல் ரோட்டைக் காணோம். போன வருடத்து மழையில் மண் சரிந்து மேல் கணக்கு லயங்களில் இருந்தவர்களை எழுப்பிவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அங்கே ஆள் சாகவில்லை என்று கேட்டு நிம்மதியாக இருந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் நான் ஏறவும் இல்லை. ஏற்கெனவே செத்தவர்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்த பெண்களிடம் வழி கேட்டேன். அதில் செல்லாயி, நம் கூட வேலை செய்த பெரியசாமியின் மகள், என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"மேல எங்க மாமா போறீங்க?"

"அண்ணன் குழிய வெட்டித் துப்புரவு பண்ணணும். தம்பி லண்டன்லருந்து வாறான், கல்லு வைக்க."

அவள் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள். அந்தப் பெண் கீழே பார்த்தாள்.

"ஒங்களுக்கு யாரும் சொல்லலயா மாமா? கோயிலுக்குப் பின்னுக்கு ஒண்ணுமே இல்ல. அவ்வளவும் கெளம்பி வந்திருச்சு. ஆத்துல போனது போக, மிச்சமெல்லாம் இந்தா, இந்த மலையிலதான் கெடந்துச்சு." கையால் எங்களுக்கு எதிரே இருந்த தேயிலையைக் காட்டினாள். பச்சையாக, நன்றாகத் துளிர்த்திருந்தது.

உன் சித்திதான் கேட்டாள். "கெடந்துச்சுன்னா?"

"கொழுந்து எடுக்கப் போனா காலுல தட்டும் அத்தை. மொதல்ல ஆடு மாடுன்னுதான் நெனச்சோம். பொறகு தலை கெடைச்சுச்சு. வந்து பாத்த ஐயாமாரு, பழைய எலும்புதான், நீங்களே பொதைச்சிருங்கன்னுட்டுப் போயிட்டாங்க. யாரு பொதைக்கிறது? ஆம்பளைங்க பூராவும் கொழும்புல கடையில நிக்கிறாங்க. இருந்தது கெழவனுங்களும் கங்காணியும்தான். கங்காணி என்ன சொன்னாருன்னா, பொம்பளைங்க அதத் தொடக் கூடாது, குத்தம் வந்துரும்னாரு. அப்ப நீங்க தூக்குங்கன்னேன். அவருக்கு மொழங்கால் வலியாம்."

கூட நின்ற பெண்கள் சிரித்தார்கள். செல்லாயியும் சிரித்தாள், பிறகு நிறுத்திவிட்டாள்.

"நாங்கதான் பொறுக்குனோம் மாமா. இப்ப கொழுந்து எடுக்கிற பையில போட மனசு வரல, மறுநாளு அதுலதானே கொழுந்து போடணும். பழைய கூடை அடுப்புக்கு மேல கெடந்ததையெல்லாம் எறக்கினோம். தலையில கயித்தப் போட்டு முதுகுல சொமந்து மேல கொண்டு போனோம். சரிவுல திரும்பப் பொதைச்சா திரும்ப வந்திரும். கோயிலு நிக்கிற எடம் மட்டும்தான் கெட்டி. உள்ளுக்கு ஒரே குழியா வெட்டி எல்லாரையும் வச்சாச்சு."

"எங்க அண்ணன்..." என்று ஆரம்பித்தேன்.

"எது யாருன்னு எப்புடி மாமா? நானே எங்க அப்பாவத்தான் தேடுனேன். அவரு காலுல கம்பி வச்சிருந்துச்சே, லொறியில அடிபட்டப்ப. அத வச்சுக் கண்டுபுடிச்சிரலாம்னு ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தேன். இல்ல. அவரு ஆத்துல போயிட்டாரு போல. அம்மா அதுல இருப்பா. இருக்கணும்."

நசீர் பீடியைக் கீழே போட்டான். "எங்க மையவாடியில ஒரு கல்லு சரிஞ்சதுக்கே ஊரக் கூட்டுனோம்," என்று மட்டும் சொன்னான்.

செல்லாயி வழி காட்ட, மேலே ஏறினோம். சித்தி முடக்கில் நிற்கப் பார்த்தாள், முடக்கைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் சிவப்பு மண்ணும் பாறையும்தான். நிற்க இடமில்லாமல் எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தாள், நானும் தடுக்கவில்லை. அட்டை கடித்த இடமெல்லாம் இரத்தம். மூடுபனிக்குள் கோயில் திடீரென்று நின்றது. நீ அனுப்பிய மடத்தைப் போல அவ்வளவு பெரிதில்லை, ஆனால் ஒரே சாதிக் கட்டு. வளைவு வளைவாக ஜன்னல், கண்ணாடி கிடையாது, சுவரெல்லாம் பன்னச் செடி முளைத்து, மணிக்கூண்டைப் பிளந்துகொண்டு ஒரு மரம். முன்பக்கம் தொரைமாருடைய கல்லறைகள். அதில் ஒன்றுகூட அசையவில்லை மகனே. பாசியைச் சுரண்டிவிட்டால் எழுத்துத் தெரிகிறது, ஒரு கைக்குழந்தைக்குக்கூடப் பெயர் வெட்டியிருக்கிறார்கள். பாறை இருந்த பக்கத்தை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தேயிலை வராத சரிவு மிஞ்சியது, அதை நமக்குக் கொடுத்தார்கள். இத்தனை வருடம் அந்த வழியாகப் போயும் வந்தும் இது எனக்குத் தோன்றியதில்லை. பின்சுவர்ப் பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். சுவரை ஒட்டிக் கத்தியால் வெட்டியது போல நிலம் அறுந்திருக்கிறது. அந்த இரட்டை மரமும் இல்லை.

உள்ளே நுழைகிற வளைவில் பானை அளவுக்குக் குளவிக்கூடு தொங்குகிறது. செல்லாயி வாயில் விரலை வைத்துக் காட்டினாள். கற்பூரம் கொண்டு போயிருந்தோம், புகை பட்டால் கலைந்துவிடும் என்று கொளுத்தவில்லை. குனிந்து, மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போனோம். வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து கும்பிட்ட இடத்தில் நீளமாக ஒரு மண்மேடு, சுற்றிலும் ஆற்றுக் கல். தேயிலைப் பூவைப் பறித்து யாரோ போட்டிருந்தார்கள்.

உன் சித்தி வளைவுக்கு வெளியே நின்றாள். செல்லாயி போய் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். வந்து மேட்டின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஒப்பாரி வைப்பதில் உன் சித்தியை அடிக்க இந்த மலையில் ஆள் கிடையாது. இது நான் கூட்டிச் சொல்வதில்லை, ஊரே சொல்லும். அன்றைக்கு அவள் வாயைத் திறந்தாள், மேலே கூட்டைப் பார்த்தாள், சத்தத்தை விழுங்கிவிட்டாள். பிறகு காதோடு சொல்வது போல ஆரம்பித்தாள். முதலில் உன் அப்பா பெயர். அதோடு நிற்கும் என்று பார்த்தேன். அடுத்து செல்லாயியின் அம்மா, அதற்கடுத்து எங்கள் பெரியப்பா, பிறந்து பெயர் வைக்கிறதற்குள் போன எங்கள் மூத்த பெண் குழந்தை, அதை 'என் தங்கம்' என்றாள். முடக்கில் நின்று அவள் வழியனுப்பிய அத்தனை பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். எல்லாம் மூச்சுக் காற்றில். செல்லாயி விட்டுப்போன பெயர்களை எடுத்துக் கொடுத்தாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் குழந்தையை நான்தான் துணியில் சுற்றிக் கொண்டுபோய் வைத்தேன். அதைத் தேட வேண்டும் என்று எனக்கு அன்று வரைக்கும் தோன்றவே இல்லை, உன் அப்பாவைத் தேடித்தானே போனேன்.

திரும்பி வெளியே வந்ததும் நசீர் என்னைத் தனியாக இழுத்தான். "அண்ணே, தம்பி ஆசப்பட்டுட்டான். உள்ளுக்கு ஒரு மூலையப் பாத்துக் கல்ல நட்டுருங்க. அவனுக்கு என்ன வெளங்கப் போவுது?"

உண்மையைச் சொன்னால் அவன் சொல்வதற்கு முன்பே நான் மூலையைப் பார்த்து வைத்துவிட்டேன். கிழக்கே, ஜன்னலுக்குக் கீழே. உன்னையும் எமிலியையும் கூட்டிப்போய் நிறுத்தி, தொரையே கூப்பிட்டு அண்ணனுக்கு உள்ளே இடம் கொடுத்தார் என்று சொல்ல ஒரு கதைகூடப் பாதி தயாராகிவிட்டது. நல்ல கதை. நீ நம்பியிருப்பாய். செல்லாயிக்குக் காதில் விழுந்துவிட்டது போல.

"கல்ல நட்டுக்குங்க மாமா, யாரு கேக்கப் போறா," என்றாள். "ஆனா எந்த மூலையில நட்டாலும் அது எங்க அம்மா தலையிலயும்தான் நிக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் கொழுந்துக்கு நேரமாகிறது என்று இறங்கிப் போய்விட்டாள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். கல்லை நிறுத்தச் சொல். வெட்டியாகிவிட்டது என்றால் அவரிடமே இருக்கட்டும், அல்லது நம் வீட்டுக்கு எடுத்து வா, சுவரில் சாத்தி வைத்துப் பொட்டு வைப்போம். கோயிலுக்குள் கொண்டு வராதே. அண்ணன் அந்த மேட்டுக்குள் இருக்கிறார் என்றுகூட என்னால் உனக்கு எழுதித் தர முடியாது. இருக்கலாம். ஆற்றோடு போய்த் தலவாக்கலை அணைத் தண்ணீருக்குள் இருக்கலாம். நீ தினமும் விளக்கு ஏற்றும்போது எந்தத் திசையைப் பார்த்துக் கும்பிடுவது என்று ஒருமுறை கேட்டாய், நான் கை காட்டினேன். இனி அப்படி ஒரு திசை என்னிடம் இல்லை.

கல்யாணம் செய்யப் போகிறவனுக்குப் புத்தி சொல்லாமல் கடிதத்தை முடித்தால் நான் தகப்பனில்லை. எமிலியிடம் எங்கள் தோட்டம் அப்படி, எங்கள் அப்பா இப்படி என்று நிறையச் சொல்லியிருப்பாய், அதில் பாதி நான் உனக்குச் சொன்னதாகத்தான் இருக்கும். யானையைப் பற்றிச் சொல், பரவாயில்லை. ஆனால் இங்கே வந்து, என் கணவனின் தகப்பன் எங்கே என்று அந்தப் பெண் கேட்கும்போது, கை நீட்டி ஓர் இடத்தைக் காட்டாதே. தெரியாது என்று சொல். உன் பெண்டாட்டியிடம் தெரியாது என்று சொல்லப் பழகு. நான் பழகவில்லை, உன் சித்தி அதற்காக என்னிடம் எவ்வளவு பட்டாள் என்று அவளைக் கேட்டால் விடிய விடியச் சொல்வாள். மழைக்காலத்தில் வராதீர்கள். வரும்போது வாசனைத் திரவியம் எதுவும் பூசிக்கொண்டு வர வேண்டாம், குளவிக்கு அது ஆகாது. காலுக்கு உயரமான சப்பாத்து வேண்டும். உள்ளே இருக்கும்போது மெதுவாகப் பேச வேண்டும், அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிக் கூட்டிவா.

பெண்கள் வரலாமா என்று இப்போது ஊருக்குள் பேச்சு நடக்கிறது. கங்காணி இன்னும் குற்றம் வந்துவிடும் என்றுதான் சொல்லிக்கொண்டு திரிகிறார். முடக்கே போய்விட்டது, எங்கே நிறுத்துவீர்கள் என்று பெண்கள் கேட்கிறார்கள். நானும் இரண்டு பக்கமும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். இதை எழுதும்போது உன் சித்தி பக்கத்தில் உட்கார்ந்து கோதுமை மாவு பிசைந்துகொண்டிருக்கிறாள். எல்லாம் எழுதியாகிவிட்டது, நீ ஏதும் சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். கையைக்கூடத் துடைக்காமல் சொன்னாள்:

"அந்தப் புள்ளைய ரோட்டுல நிக்க வச்சிற வேணாம்னு எழுதுங்க. உள்ள வரட்டும். நான் கூட்டிட்டுப் போறேன்."